அடியில் விரிக்க

கூண்டோடு சேர்த்துத்தான் கொடுத்தார் பாபநாசத்துக்காரர்.
ஆயிரத்து இருநூறு. இரண்டு முயல், ஒரு தண்ணீர்க் குப்பி.
"அடி முழுக்கக் கம்பி. பெருக்கவே வேண்டாம்,
புழுக்கை தானா கீழ விழுந்துரும், வசதி."
யாருக்கு வசதி என்று
நானும் கேட்கவில்லை.

மூன்றாம் வாரம்
மூட்டை காலைத் தூக்கித் தூக்கி வைத்தது,
மார்கழிக் குளிரில் சுடுமணல் மிதித்தது போல.
பட்டாணி தீனித் தட்டுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.
அந்தக் கூண்டில் கம்பியில்லாத இடம்
தட்டு ஒன்றுதான்.

டாக்டர் மும்தாஜ் மூட்டையை மல்லாத்திக் காட்டினார்:
பின்னங்காலில், ரோமம் உதிர்ந்து,
ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவப்பு.
"நாய் பூனை மாதிரி உள்ளங்காலில் மெத்தை கிடையாதும்மா.
இதுக்கு மயிர்தான் செருப்பு."

மயிர்தான் செருப்பு, மயிர்தான் செருப்பு
என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தேன் பஸ்ஸில்.
பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து
வேறு இடம் போய்விட்டார்.

தினத்தாள் விரித்தேன். ஒரு ராத்திரியில் கூழ்.
கடையில் புடவைக்குள் வைத்து மடிக்கும் அட்டை விரித்தேன்,
தின்று தீர்த்தன.
கார்பெட் துண்டு ஒன்று கிடைத்தது; நூல் பிரிந்து
நகத்தில் சுற்றி, பட்டாணி கத்தியது.
முயல் கத்தும் என்று அன்றைக்குத்தான் தெரியும் எனக்கு.
கொத்தனார் வேதையன் கொடுத்த டைல்ஸில்
நாலு காலும் நாலு திசைக்கு வழுக்கின.
சித்திரை வெயிலுக்கு ஆகும் என்று
அதை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.

கும்பகோணத்தில், பெரிய கடைதான்,
இரண்டாம் மாடி, பட்டுப் பிரிவு.
வாங்க வருகிறவர்களுக்கு வெள்ளை மெத்தை.
மெத்தைக்கு இந்தப் பக்கம் பளிங்குத் தரை,
வெறுங்காலோடு நாங்கள், ஒன்பதரை முதல் ஒன்பதரை.
உட்கார வைக்க வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு
நாலு ஸ்டூல் வந்தது.
அவற்றின்மேல் மடித்த சேலைகள் உட்கார்ந்திருக்கின்றன.

செபஸ்தியாள் ஒரு பாதத்தை இன்னொரு பாதத்தின்மேல் ஏற்றி
மாற்றி மாற்றி நிற்பாள்.
ஆறு வருஷமாகப் பார்க்கிறேன்.
டாக்டரிடம் போய் வந்த மறுநாள்தான் பார்த்தேன்.

தை பிறந்தது. திருவிடைமருதூர்த் தாண்டி
மெஷின் அறுத்துப் போட்ட வயலில்
வைக்கோலை உருளை உருளையாகச் சுருட்டி
லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், கேரளாவுக்கு.
ஒரு கட்டு கேட்டேன்.
"மாடு எத்தனை?"
"முயல் ரெண்டு."
சிரித்த சிரிப்பில் காசு வாங்க மறந்துவிட்டார்கள்.

தக்காளிப் பெட்டிப் பலகை, ஆணி பிடுங்கி,
உப்புத்தாளில் தேய்த்துப் பாதிக் கூண்டுக்குப் போட்டேன்.
மேலே கோரைப்பாய்த் துண்டு, அதன்மேல் வைக்கோல்.
மறுபாதி கம்பியாகவே இருக்கட்டும்,
புழுக்கைக்கு அங்கே போய்விடுகின்றன,
நாம் சொல்லாமலே.
பாயை ஓரத்திலிருந்து கொறிக்கின்றன.
போகட்டும். ஈரமாகாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை.

பத்தாம் நாள் இரவு வந்து விளக்கைப் போட்டால்
மூட்டை செத்துக் கிடந்தது.
பக்கவாட்டில் சாய்ந்து, பின்னங்கால் இரண்டும் நீட்டி.
பதறிக் கதவைத் திறந்தேன்.
ஒற்றைக் காதை மட்டும் திருப்பி,
தூக்கம் கெட்ட எரிச்சலோடு என்னைப் பார்த்தது.
இப்படியும் படுக்கும் போல, முயல்.

பாயில் முக்கால் வாசி மிச்சம்.
மறுநாள் சாப்பாட்டுப் பைக்குள் சுருட்டிக் கொண்டுபோய்
மேற்பார்வை ஞானசேகரன் கண்ணுக்குப் படாமல்
பீரோவுக்குப் பின்னே, ஆள் நிற்கும் இடத்தில் விரித்தேன்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
பதினொரு மணிக்கு ஒருத்தி, பதினொன்றரைக்கு ஒருத்தி
என்று தானாகவே முறை வந்துவிட்டது.

சாயங்காலம் பாயின் ஓரம் பிரிந்திருந்தது.
"தின்னது யாருடீ?"
என்றாள் செபஸ்தியாள்,
இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டு.